பொய்த் தெய்வத்தைத் துறந்த பக்தன்

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் மன்றத்திலே ஒரு விவாதம் நடைபெற்றது. உண்மையான பக்தன் ஒருவன், தான் வணங்கிய தெய்வம் பொய்யானதென்று கண்டவிடத்து அதனைத் துறத்தல் கூடுமா என்பது விவாதப் பொருள். சமய வரலாற்றிலிருந்தும் புராணங்களிலிருந்தும் எடுத்துக்காட்டுகள் வருமென்று எதிர்பார்த்து நான் தலைமை ஆசனத்தில் அமர்ந்திருந்தேன். முதலில் எழுந்த மாணவனோ, 'டீல்க்' என்று நான் என் வாழ்நாளிற் கேட்டறியாத ஒரு பெயரைச் சொன்னான். அவன் ஓர் அமெரிக்க விஞ்ஞானக் கற்பனைத் தொடரிலே வரும் போர்வீரன். தன் தெய்வத்தின் படைத்தலைவனாக இருந்து, அத்தெய்வம் போலியென்று கண்டு, அதற்கு எதிராகவே ஆயுதம் ஏந்தியவன். 'இதோ ஒரு பக்தன் துறந்திருக்கிறான், ஆகவே துறத்தல் கூடும்' என்று சொல்லிவிட்டு மாணவன் அமர்ந்தான்.

எதிரணி மாணவன் எழுந்து ஒரே வாக்கியத்தில் அதனை மடக்கினான். 'அவன் துறந்தான் என்பதே அவன் முன்னர் பக்தனாயிருக்கவில்லை என்பதற்குச் சான்று' என்றான் அவன். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. நானும் அந்த வாக்கியத்தின் கூர்மையிலே மயங்கி எதிரணிக்கே வெற்றியை வழங்கினேன்.

வீடு திரும்பிய பின்னர் மனம் உறுத்தத் தொடங்கிற்று. அளவையியல் கற்றவர்கள் அந்த வாதத்தின் குறையை உடனே காண்பார்கள். துறந்தவன் எவனும் பக்தனல்லன் என்று முதலிலேயே வரைவிலக்கணம் வகுத்துக்கொண்டால், பின்னர் பக்தன் எவனும் துறக்கமாட்டான் என்பது தானாகவே பெறப்படும். அதனால் உலகத்தைப் பற்றி நாம் ஒன்றும் அறிந்துகொள்வதில்லை. நமது சொல்லைப் பற்றி மட்டுமே அறிகின்றோம். முப்பது வருடம் ஆசிரியத் தொழில் பார்த்தவன் இதனை மேடையிற் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்தத் தவற்றுக்குப் பரிகாரமாக, முதல் மாணவனிடமே ஒளித்தட்டுகளை இரவல் வாங்கி, விடுமுறை நாள்களில் அத்தொடரைப் பார்த்தேன். இன்றைய பேச்சு அதன் பயன்.

'ஸ்டார்கேட்' என்பது 1994 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படம். அதனை அடியொற்றி எழுந்த தொலைக்காட்சித் தொடர் 1997 முதல் 2007 வரை பத்துப் பருவங்கள் ஒளிபரப்பாயிற்று. கதையின் அடித்தளம் இது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கோவாஉல்ட் என்னும் ஒட்டுண்ணி இனம் ஒன்று பூமிக்கு வந்தது. அவை பாம்பு போன்ற உடலுடையன. மனிதனின் கழுத்தின் வழியே உட்புகுந்து, அவனுடைய மூளையை ஆட்கொண்டு, அவன் வாயினாலேயே பேசுவன. அவை பூமியிலிருந்து மக்களை அடிமைகளாக வாரிக்கொண்டு சென்று, வான்வெளியெங்கும் குடியேற்றி, எகிப்து முதலிய பழைய நாட்டுத் தெய்வங்களின் பெயர்களைச் சூடிக்கொண்டு அம்மக்களால் வணங்கப்பெற்றன. இவற்றுள் ஒருவனே அப்போபிஸ். எகிப்தியப் புராணத்திலே கதிரவனை விழுங்க முயலும் பாம்பின் பெயரைக் கொண்டவன்.

இத்தெய்வங்களுக்குப் போர்வீரராகப் பயன்படும் மனித இனத்துக்கு 'ஜஃபா' என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் ஆங்கிலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வழங்கும் பெயரை நினைத்து எங்கள் மாணவர் நகைத்தார்கள். ஒலி ஒப்புமையன்றி வேறு தொடர்பு ஏதுமில்லை. ஜஃபா இனத்துப் பிள்ளைகள் பருவமெய்தும் வேளையில் ஒரு சடங்கு நடைபெறும். வயிற்றிலுள்ள பை போன்ற ஓர் உறுப்பிலே, முதிர்ச்சியடையாத கோவாஉல்ட் குடம்பியொன்று வைக்கப்படும். அன்று தொடக்கம் அக்குடம்பியே அவர்களுடைய நோயை மாற்றும், காயத்தை ஆற்றும், ஆயுளை நீட்டும். ஆனால் அதற்கு விலையாக அவர்களுடைய உடலின் இயல்பான நிர்ப்பீடனம் அற்றுப்போகும். குடம்பியை எடுத்துவிட்டால் வெகு விரைவில் மரணம்.

இந்த ஏற்பாட்டைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். சாதாரணமாக ஒரு பொய்ச் சமயம் மனத்தைப் பிணிக்கும். சில வேளை வயிற்றுப்பாட்டைப் பிணிக்கும். இங்கே தெய்வத்தின் குஞ்சு பக்தனின் வயிற்றுக்குள்ளேயே வளர்கிறது. அவன் தன் தெய்வத்தை மறுப்பது தன் உயிரின் ஊற்றை மறுப்பதாகும். கதாசிரியர்கள் வேண்டுமென்றே இத்துணைக் கடினமான நிலையை அமைத்திருக்கிறார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

அன்றியும், அத்தெய்வங்கள் வெறுங்கையோடு தெய்வமென்று சொல்லிக்கொள்பவையும் அல்ல. கண்முன்னே அற்புதங்கள் நிகழ்கின்றன. இறந்தவரையும் எழுப்பும் பேழை அவர்களிடம் இருக்கிறது. கையிற் பூணும் ஒரு கருவியினால் எதிரியைத் தூக்கியெறிகிறார்கள். கல்வளையம் ஒன்றினூடாக ஒரு கணத்தில் ஓர் உலகிலிருந்து மறு உலகுக்குச் செல்கிறார்கள். அவ்வளையங்களை ஆக்கியவர்கள் வேறோர் இனத்தவர்; இவர்கள் அவற்றைக் கண்டெடுத்துக் கையாண்டவர்கள் மாத்திரமே. ஆனால் அதனை ஒரு ஜஃபா எங்ஙனம் அறிவான்?

1956 ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்து குடியேறி, 2008 இல் கொழும்பிலேயே காலமான ஆர்தர் சி. கிளார்க் இதனைப் பற்றி ஒரு விதி சொல்லியிருக்கிறார். போதிய அளவு வளர்ந்துவிட்ட தொழில்நுட்பத்தையும் மாயத்தையும் காண்பவரால் வேறுபடுத்தி அறிய இயலாது என்பது அதன் கருத்து. செய்மதிகளை நிலநடுக்கோட்டுக்கு மேலே நிறுத்தி உலகெங்கும் செய்தி அனுப்பலாமென்று 1945 ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். மாயம் போன்ற ஒன்று அன்றாடப் பொருளாவதைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர். எனவே அற்புதத்தைக் கண்டு வணங்கிய ஜஃபாவை மூடன் என்று இகழ்வதற்கு நமக்கு உரிமையில்லை. அவன் கண்ணாற் கண்டதை நம்பினான். அந்த இடத்தில் நாம் இருந்திருப்பின் நாமும் அங்ஙனமே செய்திருப்போம்.

அப்படியாயின், சான்றுகளைக் கண்டு நம்பியவனை எதிர்ச் சான்றுகளைக் காட்டித் திருத்திவிடலாமே என்று தோன்றும். அது நடவாது என்பதற்கு ஒரு சிறந்த கதையுண்டு. ஐசாக் அசிமோவ் 1941 இல் எழுதிய 'ரீசன்', அதாவது 'தருக்கம்' என்னும் சிறுகதை. விண்வெளி நிலையமொன்று கதிரவனின் சக்தியைத் திரட்டிப் பூமிக்குக் கதிராக அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்யும் கியூட்டி என்னும் இயந்திர மனிதன் தானே சிந்திக்கத் தொடங்கி, நிலையத்தின் மத்தியிலுள்ள சக்தி இயந்திரமே தன்னைப் படைத்த இறைவன் என்னும் முடிவுக்கு வருகிறான். உன்னைப் பொருத்தியவர்கள் நாங்களே என்று அங்கிருக்கும் இரு மனிதர்களும் சொல்லியும் கேட்கவில்லை. அவன் கண்முன்னாலேயே வேறோர் இயந்திர மனிதனைப் பொருத்திக் காட்டுகிறார்கள். நீங்கள் பாகங்களை இணைத்தீர்களேயன்றிப் பாகங்களைப் படைத்தவன் இறைவனல்லவா என்கிறான். புத்தகங்களைக் காட்டினால், அவை உங்கள் ஆறுதலுக்காக இறைவன் அருளியவை என்கிறான். ஒவ்வொரு மறுப்பையும் விழுங்கி அவன் நம்பிக்கை பருக்கிறது. கதையின் முடிவிலும் அவன் மாறவில்லை. ஆனால் சக்திக் கதிரைச் சிறிதும் பிசகாமற் காத்து, பூமியிலே பேரழிவு நேராமற் செய்துவிடுகிறான். ஆதலால் மனிதரும் அவனை அவன் பாட்டிலே விட்டுவிடுகிறார்கள்.

இது நகைச்சுவைக் கதைதான். எனினும் அதிலே கூரிய உண்மையொன்று உண்டு. தருக்கத்தினால் மட்டும் கட்டப்பட்ட நம்பிக்கையைத் தருக்கத்தினால் இடிக்க முடியாது; அடிப்படை எடுகோளை விட்டுக்கொடுக்க விரும்பாதவனுக்கு எந்தச் சான்றும் தன் பக்கத்துச் சான்றாகவே தோன்றும். கியூட்டிக்குத் தன் தெய்வத்தினால் எவ்விதத் துன்பமும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அத்தெய்வம் அவனிடம் கேட்பது ஒழுங்கான வேலையொன்றையே. அவனுக்குள்ளே மோதிக்கொள்ள இரண்டு பொருள்கள் இல்லை.

டீல்க்கின் நிலை வேறு. அவனுடைய தந்தை குரோனஸ் என்னும் வேறொரு தெய்வத்தின் படைத்தலைவர். வெல்ல முடியாத போரொன்றிலே படையைக் காக்கும்பொருட்டுப் பின்வாங்கினார். அதற்காகத் தெய்வம் அவரைக் கொன்றது. தாயும் சிறுவனும் நாடு கடத்தப்பட்டு, அப்போபிஸ் ஆளும் சூலாக் என்னும் உலகுக்கு வந்து சேர்ந்தார்கள். குரோனஸின் பகைவனான அப்போபிஸுக்குப் படைத்தலைவனாகி, ஒரு நாள் தந்தைக்காகப் பழி வாங்குவேன் என்று சிறுவன் உறுதி பூண்டான். அங்ஙனமே உயர்ந்தான். படைத்தலைவனுக்குரிய அடையாளமாக, நெற்றியைக் கத்தியாற் கீறி, உருக்கிய பொன்னை வார்த்துப் பாம்பின் இலச்சினையைப் பதித்தார்கள்.

இவ்விடத்தில் எங்கள் எதிரணி மாணவன் குறுக்கிட்டிருப்பான். பழிவாங்கும் நோக்கத்தோடு வந்தவனை எங்ஙனம் பக்தன் என்பது? உண்மையில் இது அவன் முன்னர் சொன்ன வாதத்தைக் காட்டிலும் வலிமையானது. அன்று அதனை அவன் சொல்லாதது என் நல்வினை. ஆனால் நான் கேட்கிறேன்: கலப்பற்ற நோக்கத்தோடு எந்த மனிதன் தெய்வத்தின் சந்நிதிக்குப் போகிறான்? நோய் மாற வேண்டும் என்றும், பிள்ளை சித்தியடைய வேண்டும் என்றும், எதிரி கெட வேண்டும் என்றும் போகிறவர்களை நாம் பக்தர் என்றே சொல்கிறோம். நோக்கம் கலந்திருந்ததனால் வணக்கம் பொய்யாகிவிடாது. டீல்க் பல்லாண்டுகள் அத்தெய்வத்தின் பெயரால் ஊர்களை எரித்தான், மனிதரைக் கொன்றான். அச்செயல்களைச் செய்வதற்குப் போதிய நம்பிக்கை அவனிடம் இருந்தது. அதற்கு மேலான அளவுகோல் நம்மிடம் இல்லை.

அவனுக்கு ஓர் ஆசான் இருந்தார். பெயர் பிராட்டாக், நூற்றுமுப்பது வயதைக் கடந்த முதிய வீரர், டீல்க்குக்கு முன்னர் அதே தெய்வத்துக்குப் படைத்தலைவராக இருந்தவர். தெய்வங்கள் போலியானவை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அதனை மாணவனுக்கு நேரே போதித்து, நம்பு என்று கட்டளையிடவில்லை. கேள்விகளை விதைத்துவிட்டுக் காத்திருந்தார். ஓர் ஆசிரியன் என்ற முறையில் இந்தப் பாத்திரத்தை நான் மிக விரும்பிப் பார்த்தேன்; சில வேளைகளிற் பொறாமையோடும் பார்த்தேன். பரீட்சைத் திகதி நெருங்கும்போது காத்திருக்கும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

விதைத்த கேள்வி எப்போது முளைத்தது என்பதைத் தொடரின் ஐந்தாம் பருவத்தில், 2001 இல் வெளியான ஓர் அத்தியாயம் காட்டுகிறது. டீல்க்கின் தோழன் ஒருவன் போரிலே தோற்று மீண்டான். அவனைக் கொல்லுமாறு அப்போபிஸ் கட்டளையிட்டான். தந்தைக்கு நேர்ந்ததே தோழனுக்கும் நேர இருந்தது. இம்முறை வாள் மகனுடைய கையிற் கொடுக்கப்பட்டிருந்தது. டீல்க் தோழனைத் தப்பிப் போகவிட்டான். திரும்பி வந்து, கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்று தெய்வத்தின் முகத்துக்கு நேரே பொய் சொன்னான். தெய்வம் நம்பிவிட்டது.

நேயர்களே, அத்தொடர் முழுவதிலும் என் மனத்தைக் கொள்ளைகொண்ட இடம் இதுவே. எல்லாம் அறிந்த தெய்வத்தை ஏமாற்றியாயிற்று. ஏமாற்ற முடிந்த ஒன்று எல்லாம் அறிந்ததாக இருக்க முடியாது. இதுவும் தருக்கமே, ஆனால் கியூட்டிக்கு மனிதர் காட்டிய சான்று போன்றதன்று. வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து நீட்டிய சான்றன்று இது. அவன் தானே செய்த ஒரு செயலிலிருந்து, தானே அஞ்சியவாறு பெற்ற சான்று. அந்தச் செயலுக்கு வித்தாக இருந்தது யாது? இரக்கம். முதலில் இரங்கினான், இரங்கியதனாற் பொய் சொன்னான், பொய் சொன்னதனால் உண்மையைக் கண்டான். தெய்வத்தைச் சோதிக்க வேண்டும் என்று அவன் புறப்படவேயில்லை.

பிற்பாடு அத்தெய்வத்தின் கட்டளையாலேயே அத்தோழன் ஒளித்திருந்த ஊர் அழிக்கப்பட்டது, தோழனும் மாண்டான். காப்பாற்றிய உயிரும் நிலைக்கவில்லை. டீல்க் அப்போதும் உடனே கலகம் செய்துவிடவில்லை. அறிந்த பின்னரும் அவன் தொண்டு தொடர்ந்தது. துறவு என்பது ஒரு நாளில் நிகழும் காரியம் என்று நம் கதைகள் பெரும்பாலும் காட்டும். இக்கதை அங்ஙனம் காட்டவில்லை. தெய்வம் பொய் என்று அறிவது ஒரு படி. பொய்யென்று அறிந்த தெய்வத்தை விட்டு விலகி எங்கே போய் நிற்பது என்பது வேறொரு படி.

அந்த இரண்டாம் படி தொடரின் முதல் அத்தியாயத்திலே வருகிறது. பூமியிலிருந்து வந்த சிலர் சிறைப்பட்டுக் கிடக்கிறார்கள். அவர்களுடைய தலைவர் ஓநீல் அணிந்திருக்கும் கைக்கடிகாரத்தை டீல்க் கண்டு, இது தான் அறிந்த தெய்வங்களின் கைவேலையன்று என்று ஐயுறுகிறான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று வினவுகிறான். அவர்களில் ஒருவர் பூமியின் குறியீட்டைப் புழுதியிலே வரைந்து காட்டுகிறார். டீல்க் சட்டென்று காலினால் அதனை அழித்துவிடுகிறான், வேறெவரும் காணக்கூடாதென்று. பின்னர் கைதிகள் அனைவரையும் கொன்றுவிடக் கட்டளை வருகிறது. இவர்களைக் காப்பாற்ற என்னால் முடியும், உதவி செய் என்று ஓநீல் கூவுகிறார். டீல்க் திரும்பித் தன் சொந்தக் காவலர்மீதே சுடுகிறான். வெளியே வந்ததும் இனித் தனக்குப் போக்கிடமில்லை என்கிறான்.

தெய்வங்களின் தொழில்நுட்பத்துக்கு ஒப்பான தொழில்நுட்பம் மனிதரிடமும் உண்டு என்ற சிறு குறிப்பே கைக்கடிகாரம். தெய்வம் தோற்கக்கூடும் என்ற நம்பிக்கையின்றித் தெய்வத்தை எதிர்க்க எவனும் துணியான். இதனை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். மனைவியும் மகனும் அத்தெய்வத்தின் ஊரிலே இருந்தார்கள். அவன் நீங்கிய பின்னர் அவர்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். வீட்டின்மீது துரோகி என்ற சொல் தீயாற் பொறிக்கப்பட்டது. மகன் நோயுற்றபோது டீல்க் தன் வயிற்றிலிருந்த குடம்பியையே எடுத்து அவனுக்குக் கொடுத்து உயிர் காத்தான். தன் மகனுக்குத் தெய்வத்தின் குஞ்சை ஏற்றும் சடங்கைத் தடுக்க வந்தவன் தானே அதனைச் செய்யவேண்டியதாயிற்று. பொய்த் தெய்வத்தைத் துறந்தவன் அதன் உபகாரத்தை உடனே துறந்துவிட முடிவதில்லை. குடம்பிக்குப் பதிலான மருந்தொன்று அவனுக்குக் கிடைத்தது ஆறாம் பருவத்திலேதான். அதுவரை அவன் தன் பகைவனின் குலத்தையே வயிற்றிற் சுமந்துகொண்டு பகைவனோடு போரிட்டான்.

நான் முன்னர் குறிப்பிட்ட 2001 ஆம் ஆண்டு அத்தியாயத்துக்கு மீண்டும் வருகிறேன். அப்போபிஸ் டீல்க்கைப் பிடித்து, மனத்தை வசியஞ் செய்து, தான் எந்நாளும் தெய்வத்தின் பக்தனே, மனிதரிடையே ஒற்றனாகவே வாழ்ந்தேன் என்று அவனை நம்பச் செய்துவிடுகிறான். அவன் நண்பர்கள் அவனை மீட்டுக் கொண்டுவருகிறார்கள். அப்போபிஸ் இறந்துவிட்டான் என்று சொல்கிறார்கள். தெய்வம் இறப்பதில்லை என்று டீல்க் மறுமொழி கூறுகிறான். இப்போது நம்முன் நிற்பவன், பழிவாங்கும் உள்நோக்கமும் ஐயமும் கழுவப்பட்ட முழுப் பக்தன். எதிரணி மாணவன் கேட்ட பக்தன் இவனே!

நண்பர்கள் சொன்ன எந்த வாதமும் பயன்படவில்லை. இறுதியில் பிராட்டாக் வந்து ஒரு பழைய சடங்கைச் செய்கிறார். வயிற்றிலிருந்து குடம்பியை எடுத்துவிடுவது. அவன் மெல்ல மெல்ல மரணத்தின் வாயிலை அடைவது. அவ்வாயிலிலே அவனுடைய வாழ்க்கை அவன் கண்முன் விரிவது. பலர் அதிலேயே இறந்துபோவதுண்டு. ஆசான் அருகிலிருந்து, உன் வாழ்க்கையைப் பார் என்பது போலத் துணைநிற்கிறார். தோழனைத் தப்பவிட்ட அந்த நாளும், பொய் சொன்ன அந்த நாளும் அவனுக்கு மீண்டும் வருகின்றன. மீண்டும் அதே முடிவை அவன் அடைகிறான். முழுப் பக்தனாக ஆக்கப்பட்ட நிலையிலிருந்தும் அவனைத் திருப்பியது அவன் ஒருகால் இரங்கினான் என்ற நினைவே.

ஆகவே விவாத மேடையிலே நான் அளித்த தீர்ப்புப் பிழையானது என்று இப்போது எண்ணுகிறேன். பக்தன் துறக்கலாம். அதற்கு மேலும் ஒன்று சொல்வேன்: பொய்த் தெய்வத்தைத் துறக்க வல்லவன் பக்தன் ஒருவனே. தெய்வம் என்றால் நீதியுடையது, அறிவுடையது, காப்பது என்று நெஞ்சார எண்ணியவனுக்குத்தான், தன் முன்னே சிம்மாசனத்திலிருப்பது அந்த அளவுக்கு எட்டவில்லை என்பது தைக்கும். தெய்வத்தைப் பற்றி அக்கறையற்றவன் எந்தத் தெய்வத்தின் கீழும் வசதியாக வாழ்ந்துவிடுவான். அப்போபிஸின் படையிலே அத்தகையோர் பலர் இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் துறக்க ஒன்றுமில்லை.

ஆனால் துறந்தவனெல்லாம் விடுதலை பெற்றவனும் அல்லன். இதனையும் அத்தொடர் மறைக்கவில்லை. ஐந்தாம் பருவத்திலே கிட்டானோ என்றொருவன் தோன்றி, விடுதலை வேண்டும் ஜஃபாக்களை ஒன்றுதிரட்டுகிறான். அனல் பறக்கப் பேசுகிறான். அவன் ஏவினால் உயிரையும் விடத் தயாராக வீரர்கள் நிற்கிறார்கள். டீல்க்கும் அவனை நம்பிவிடுகிறான். இறுதியிற் பார்த்தால் கிட்டானோ மாறுவேடம் பூண்ட ஒரு கோவாஉல்ட். பழைய தெய்வத்தை எதிர்த்த பேச்சினாலேயே புதிய தெய்வம் தன் பீடத்தை அமைத்துக்கொண்டது. முழந்தாளிடப் பழகிய கால்கள் எதிர்ப்பேச்சின் முன்னும் முழந்தாளிடும் போலும்.

ஒன்பதாம் பருவத்திலே ஜஃபா இனம் முழுவதும் விடுதலை பெற்றுத் தமக்கென ஒரு சபை அமைத்த பின்னர், ஓரை என்னும் புதிய தெய்வங்களின் தூதர்கள் வருகிறார்கள். சபைத் தலைவர் கெராக் அவர்களை நம்பித் தாமும் அவர்களுடைய குருமார்களில் ஒருவராகிவிடுகிறார். டீல்க் அவரிடம் சென்று பேசுகிறான். பூமியிலே அத்தெய்வங்கள் ஏவிய கொள்ளைநோய் பரவியிருக்கிறது. கெராக் அங்கே வந்து, தமக்குக் கிடைத்த சக்தியினால் நோயாளரைக் குணப்படுத்துகிறார். அக்கணமே தீப்பற்றி எரிந்து மாள்கிறார். உதவினால் தாம் சாவது உறுதி என்று தெரிந்தே வந்தவர். நாடகத் தன்மை சற்று மிகுந்த காட்சிதான். ஆயினும் அங்கும் துறவுக்கு வாயிலாக நின்றது நோயாளர்மீது கொண்ட இரக்கமே என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதே காலத்தில் வந்த 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் தொடர் 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பாயிற்று. அதிலே பஜோர் நாட்டார் வணங்கும் தெய்வங்களை அயலார் வேற்றுயிரிகள் என்றே அழைக்கிறார்கள். இரண்டு பெயரும் ஒரே பொருளையே குறிக்கின்றன. கிரா என்னும் போராளிப் பெண் அதனைக் கேட்டும் தன் பக்தியை விடவில்லை. அவளுடைய தெய்வங்கள் அவளிடம் கொலைத்தொழிலைக் கேட்கவுமில்லை. ஆனால் அச்சமயத்தின் தலைமைக் குருவான வின் என்னும் அம்மையார், வாழ்நாள் முழுவதும் தெய்வம் தம்மோடு பேசவில்லையே என்ற ஏக்கத்தினால், இறுதியில் அத்தெய்வங்களின் பகைவரைச் சரணடைகிறார். துறத்தல் என்ற அதே செயல்தான். ஆனால் அதன் வேர் வேறு. டீல்க் பிறனுக்காக விட்டான். வின் தமக்குக் கிட்டாத பெருமைக்காக விட்டார்.

துறக்க முடியாமலும் பற்ற முடியாமலும் நிற்கும் ஒருவரைக் காண விரும்புவோர் கிளார்க் 1955 இல் எழுதிய 'த ஸ்டார்' என்னும் சிறுகதையைப் படிக்கலாம். அதில் வரும் விண்ணியல் அறிஞர் ஓர் இயேசு சபைத் துறவி. வெடித்து அழிந்த நட்சத்திரம் ஒன்றை ஆராயச் சென்று, அதனோடு அழகிய நாகரிகம் ஒன்றும் சாம்பலாயிற்று என்று காண்கிறார்; வெடித்த காலத்தைக் கணக்கிட்டால், பெத்லகேமுக்கு மேலே ஒளிர்ந்த விண்மீன் அதுவே. கதை அங்கே முடிந்துவிடுகிறது. அவர் என்ன செய்தார் என்று கிளார்க் சொல்லவில்லை. அது பொய்த் தெய்வத்தைப் பற்றிய கதையன்று என்பதனால் அதனை இங்கு மேலும் விரிக்கவில்லை.

இறுதியாக ஓர் அத்தியாயம். முதற் பருவத்திலே, டீல்க் முன்னொருகால் அப்போபிஸின் ஆணையால் வந்து கொலை செய்த ஓர் ஊருக்கு, இப்போது நண்பனாகத் திரும்பி வருகிறான். அக்காலத்தில் ஊரவர் பகைவர் வரும்போதெல்லாம் ஒளிந்தோடி உயிர் பிழைப்பது வழக்கம். யாரேனும் ஒருவரைக் கொல்லுமாறு அப்போபிஸ் சொல்ல, டீல்க் நடக்க இயலாத ஒரு முதியவரைத் தேர்ந்தெடுத்துக் கொன்றான். அவரைச் சுமந்துகொண்டு மற்றவர் விரைந்து ஓட முடியாது என்பதனால், அவரைக் கொன்றால் எஞ்சியோர் பிழைப்பர் என்பது அவன் கணக்கு. கொல்லப்பட்டவரின் மகன் ஹன்னோ இப்போது அவனை அடையாளங்கண்டு நீதிமன்றத்தில் நிறுத்துகிறான். அந்நாட்டு முறைப்படி பாதிக்கப்பட்டவனே நீதிபதி. நண்பர்கள் டீல்க்குக்காக வாதாடுகிறார்கள்: அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தான், அக்கணக்கினாற் பலர் பிழைத்தார்கள், இன்று அவன் மாறிவிட்டான் என்று. டீல்க் அவ்வாதங்களை ஏற்கவில்லை. கொன்றவன் நானே என்கிறான். தப்பியோட வழி இருந்தும் ஓடவில்லை.

தெய்வம் கட்டளையிட்டது என்ற சாட்டினை அவன் தெய்வத்தோடு சேர்த்தே துறந்துவிட்டான். இதனைப் பார்த்தபோது, கட்டளை என்று சொல்லி நான் பாடசாலையிற் செய்த சில காரியங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றை இங்கே விரிக்க விரும்பவில்லை. உரியவர்கள் இருவரைத் தேடிச் சென்று பேசினேன். ஒருவர் மன்னித்தார், மற்றவர் கதவைத் திறக்கவில்லை. ஹன்னோ இறுதியிலே, தன் தந்தையைக் கொன்றவன் இறந்துவிட்டான், முன்னே நிற்பவன் வேறொருவன் என்று தீர்ப்புக் கூறி டீல்க்கை விடுவிக்கிறான்.

விடுமுறை முடிந்ததும் ஒளித்தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். தீர்ப்பை மாற்றிக்கொண்டேன் என்றும் முதல் மாணவனிடம் சொன்னேன். அவன் அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வேறொரு கேள்வி அவனை வருத்திக்கொண்டிருந்தது. 'பத்துப் பருவங்கள் முழுவதும் அந்தப் பாம்பு இலச்சினை டீல்க்கின் நெற்றியிலேயே இருக்கிறதே, சேர். ஏன் அதனை அவன் எடுத்துவிடவில்லை?' என்று கேட்டான். பொன்னை உருக்கி வார்த்தது, எடுத்தால் வடு இருக்கும் என்றேன். 'வடு இருந்தால் என்ன?' என்றான். மணி அடித்துவிட்டது. அவன் வகுப்புக்குப் போய்விட்டான். நான் அலுவலகத்துக்கு வந்தேன்.